பூசை இல்லாத கடலை

லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் அருள்நாயகி பொரிக்கும் ரோல்ஸைச் சாப்பிடாத தமிழ்க் குடும்பம் இல்லை. பகலில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. விடுமுறை வந்தால் வீட்டுக் குசினியில் எண்ணெய்த் தாச்சியோடு நிற்பாள். ஒன்று போதும் என்று யாராவது சொன்னால் மட்டும் அவளுக்குக் காது கேட்காது. தட்டில் இன்னொன்று விழும்.

2009 செப்ரெம்பரில் அவள் கணவர் சண்முகராசாவுக்கு இதயத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். பொரித்தது கூடாது என்றார் டொக்டர். ஒருவரிடமும் மூச்சு விடக்கூடாது என்றார் சண்முகராசா.

"ஆக்கள் ஹோர்லிக்ஸ் போத்தலோடை பாக்க வருவினம். எனக்கு ஏலாது" என்று அவளிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

மே மாதம் ஊரில் போர் முடிந்த விதத்துக்குப் பிறகு அந்த வருடம் கொண்டாடும் மனம் யாருக்கும் இல்லை. ஆனாலும் கிறிஸ்மஸ் விடுமுறையில் நாலு பேரோடு பேசிச் சிரிக்காவிட்டால் விசர் பிடித்துவிடும். தெரிந்தவர்களை வீட்டுக்கு வரச்சொன்னாள். ரோல்ஸ் வைத்தால் அவர் கை நீளும். அவருக்கு மட்டும் வேறு தட்டு வைத்தால் குட்டு வெளிப்படும். ஆகவே எல்லோருக்கும் ஒரே தீன்தான். கடலையை அவித்து, கடுகும் செத்தல் மிளகாயும் பெயருக்குத் தாளித்து, இரண்டொரு தேங்காய்ச் சொட்டுப் போட்டு, சின்னக் கடதாசிக் கிண்ணங்களில் நிரப்பினாள். பக்கத்தில் கரட்டும் வெள்ளரிக்காயும். பார்க்க அவளுக்கே பெருமையாக இருந்தது.

அங்கேதான் பிசகியது. அவித்த கடலையைக் கண்டால் நம் சனத்துக்குக் கோயில்தான் நினைவுக்கு வரும். வந்தவர்களில் அருள்நேசன் தன் விஸ்கிக் கிளாஸைச் சோபாவுக்குப் பின்னால் ஒளித்தான். அவன் மனைவி கனகவல்லி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ அக்கா, பிரசாதமோ? நாங்கள் மத்தியானம் மச்சம் மாமிசம் சாப்பிட்டனாங்கள்."

கிங்ஸ்பரியிலிருந்து வந்த சற்குணம் கிண்ணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "என்ன நேர்த்திக்கடன், பிள்ளை?"

அருள்நாயகி திருதிருவென்று விழித்தாள். ஓம் என்றால் பொய். உண்மையைச் சொன்னால் சத்தியம் போய்விடும். அவள் படும் பாட்டைப் பார்த்த சண்முகராசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நேர்த்தியுமில்லை, ஒண்டுமில்லை. எனக்கு ஹார்ட்டிலை ஸ்டென்ட் வைச்சிருக்கு. எனக்குப் பொரிச்சது தரப் பயந்து உங்களையும் சேர்த்துப் பட்டினி போடுறாள்."

அருள்நேசன் ஒரு கிண்ணத்தை எடுத்து, இரண்டு வாய் போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"எனக்கும் ரெண்டு வருசமாச் சுகர், அக்கா. சொல்லக் கூச்சம். நீங்கள் ரோல்ஸ் வைக்க வைக்க, வேண்டாமெண்டு சொல்லவும் ஏலாமல் சாப்பிட்டனான்."

அருள்நாயகி அவன் மேல் பாய்ந்தாள்.

"விசரா! வாயைத் திறந்து சொன்னால் என்ன? ஒளிச்சு வைச்சு ஆருக்கு லாபம்? ஒருநாள் நீ விழுந்து போனால் இவள் கனகவல்லி என்ன செய்யிறது?"

திட்டியது அருள்நேசனை. பார்த்துக்கொண்டு நின்றது சண்முகராசாவை. மூன்று மாதமாகத் தனியே பயந்து கிடந்தவள், அன்றுதான் எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள்.