பெரியப்பா வீட்டுக்குப் போன ஃபிளாப்பி

எங்கள் வீட்டில் ‘ஓசி’ என்பது கெட்ட வார்த்தை. கூப்பிடாத வீட்டுப் பந்தியில் உட்காருவது, அடுத்த வீட்டுப் பேப்பரை அவர்களுக்கு முன்னால் பிரித்துப் படிப்பது, தெரிந்த கண்டக்டர் என்பதற்காக டவுன் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் வருவது எல்லாம் அதில் அடக்கம். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு முழுக் கம்ப்யூட்டரையே ஓசியில் ஓட வைத்தவர் என் அத்தை. அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன்.

இராஜபாளையத்தில் எங்களுக்கு ஒரு சின்ன பேண்டேஜ் யூனிட் இருந்தது. தறியையும் ஆட்களையும் அப்பா பார்த்துக்கொள்வார். ஆபீஸ் அத்தையுடையது. அத்தை அப்பாவுக்கு அக்கா. பி.எஸ்ஸி. படித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்கும் தைரியம் உறவில் யாருக்கும் இருந்ததில்லை. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் ஒவ்வொரு பெட்டியிலும் எந்தத் தறித் துணி, எந்த லாட், எப்போது தயாரித்தது என்று லேபிள் ஒட்டியாக வேண்டும். அதற்காக மதுரைக் கம்பெனி ஒன்றிடமிருந்து ஒரு கம்ப்யூட்டரும் லேபிள் அடிக்கும் புரோகிராமும் வாங்கியிருந்தார்கள். கம்ப்யூட்டரின் முதுகில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புக் கட்டி சொருகியிருக்கும். அதுதான் பூட்டு. அது இல்லாவிட்டால் புரோகிராம் திறக்காது.

ஆண்டாள் தேர் முடிந்த மறுவாரம். சாரல் காற்றில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. ஒரு தடவை வந்த கரண்ட் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கறுப்புக் கட்டி மட்டும் கருகிப் போனது. வாசலில் கேரளாவுக்குப் போகும் லாரி நின்றுகொண்டிருந்தது.

அத்தை மதுரைக்குப் போன் போட்டார். பழைய பூட்டுத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்களாம். புதிய புரோகிராம் வாங்க வேண்டுமாம். பழைய விவரங்கள் புதியதில் வராதாம்.

“ஏம்ப்பா, அம்புட்டும் நான் டைப் அடிச்சதுல்லா? எங்க துணி, எங்க பெட்டி. அதப் பாக்க ஒங்கிட்ட நான் ஏன் கேக்கணும்?”

மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அத்தை ரிசீவரைச் சத்தம் வராமல் வைத்தார். கோபம் வந்தால் சாமானை மெதுவாக வைப்பது அவர் பழக்கம்.

அன்று தறிக்காரர்கள், பக்கத்து வீட்டார், நான், என் தங்கை என்று எல்லோரும் உட்கார்ந்து கையாலேயே லேபிள் எழுதினோம். எனக்கு அது பொங்கலுக்குக் கோலம் போடுகிற மாதிரி குஷியாக இருந்தது. லாரி போனது. அடுத்த வாரமே அதே பெட்டிகளோடு திரும்பி வந்தது. ஆளுக்கொரு கையெழுத்தில் இருந்த லாட் நம்பரை ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆர்டரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த வேறு இடம் எங்கள் தெருவின் கடைசியில்தான் இருந்தது. என் பெரியப்பாவின் யூனிட்.

பெரியப்பா அப்பாவுக்கும் அத்தைக்கும் மூத்தவர். எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே தறிகளைப் பிரித்துக்கொண்டு தனியாகப் போனவர். இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு அவர் வாசல் வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம். நாங்கள் சந்துக்குள் புகுந்து சுற்றிக்கொண்டுதான் போவோம். கல்யாண வீடுகளில் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து, இரண்டு குடும்பமும் நடுவில் இருக்கும் பொண்ணு மாப்பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஆர்டர் போன கவலையில் அப்பா புதுப் புரோகிராமையே வாங்கிவிடலாம் என்றார். மதுரையிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். அத்தை அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இதுலயும் பூட்டு உண்டா?”

“உண்டு மேடம். முந்தினதவிட ரொம்ப ஸ்ட்ராங்” என்றார் அவர் பெருமையாக.

அவர் காப்பியைக் குடித்து முடிக்கும்வரை அத்தை பொறுமையாக இருந்தார். பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினார். அங்கே மடவார் வளாகம் என்ற பகுதியில் அவரோடு காலேஜில் படித்த டீச்சர் ஒருவர் இருந்தார். அவர் வீட்டில் கம்ப்யூட்டர் உண்டு. ஏதோ ஒரு பத்திரிகையோடு இனாமாக வந்ததென்று ஒரு சிடியை அவர் எடுத்துக் காட்டினார். லினக்ஸ் என்றார், கம்ப்யூட்டரையே ஓட்டுகிற புரோகிராமாம். உலகம் பூராவும் இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதியதாம். எப்படி எழுதினார்கள் என்பதையும் ஒளிக்காமல் கூடவே கொடுத்திருக்கிறார்களாம். பிடிக்காததை நாமே மாற்றிக்கொள்ளலாமாம்.

“மாத்துனா யாரும் சண்டைக்கு வர மாட்டாவளா?” என்று அத்தை கேட்டார்.

“வர மாட்டாங்க. மாத்துனத மத்தவங்களுக்கும் குடுன்னுதான் சொல்லுவாங்க.”

அத்தை அந்தச் சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூட்டு எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர் மாதிரி இருந்தது.

அதிலிருந்து எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் மடவார் வளாகத்துக்குப் போயின. எனக்குப் பால்கோவா கிடைத்தது. அத்தைக்குத் தலைவலி கிடைத்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடும், ஓடி நிற்கும். இருவரும் அதையே முறைத்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அதை ஏற்றினார்கள். பழைய விவரங்கள் எல்லாவற்றையும், முன்பே அச்சடித்து வைத்திருந்த தாள்களைப் பார்த்து அத்தை மறுபடி முதலிலிருந்து டைப் அடித்தார். லேபிளுக்கு ஒரு சின்னப் புரோகிராமை அவரும் டீச்சரும் சேர்ந்து எழுதினார்கள். திரையில் லேபிள் அழகாகத் தெரிந்தது. பிரிண்டருக்குப் போனால் மட்டும் எழுத்துகள் மாடிப்படி இறங்குவது போலச் சரிந்துகொண்டே போயின.

அப்பா ஆபீஸ் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்.

“ஓசியில குடுக்கறவன் நேரா அடிக்கற மாதிரியா குடுப்பான்? விடுக்கா. மதுரைக்கே போன் போடுதேன்.”

“போனத் தொட்டுப் பாருலே” என்றார் அத்தை திரும்பிப் பார்க்காமலேயே. அப்பா போனைத் தொடவில்லை.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் புதிதாக ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார்கள். அத்தை அங்கே போய்த் தன் கஷ்டத்தை இங்கிலீஷில் எழுதி, இந்த லினக்ஸ் ஆட்கள் இன்டர்நெட்டில் பேசிக்கொள்ளும் இடம் ஒன்றுக்கு அனுப்பினார். இரண்டு நாள் கழித்துப் போனபோது பதில் வந்திருந்தது. பிரேசில் நாட்டிலிருந்து யாரோ ஒருவர், எந்த வரியை எப்படி மாற்ற வேண்டும் என்று பொறுமையாக எழுதியிருந்தார். அவரிடமும் அதே பிரிண்டர் இருந்ததாம். அத்தை அதைத் தாளில் அச்செடுத்து, வீடு வரைக்கும் வாசித்துக்கொண்டே வந்தார். ஒரு சைக்கிள் அவர் மேல் மோதப் பார்த்தது.

“அவனுக்கு நம்மகிட்டருந்து என்ன வேணுமாம்? பேண்டேஜ் துணியா?” என்று அப்பா கேட்டார்.

“ஒண்ணும் கேக்கலலே” என்றார் அத்தை. “எம்புட்டுத் தடவ படிச்சுப் பாத்துட்டேன். ஒண்ணுமே கேக்கல.”

அந்த வரியை மாற்றியதும் லேபிள் நேராக வந்தது. அத்தை சாம்பிள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு தானே செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குப் போனார். பாதி ஆர்டரோடு திரும்பி வந்தார். மீதிப் பாதி பெரியப்பாவிடமே இருந்தது. அதையும் எப்படிப் பிடுங்குவது என்று அப்பா தினமும் சாப்பாட்டு நேரத்தில் திட்டம் போட்டார். எனக்கு அந்தத் திட்டங்கள் ரொம்பப் பிடிக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் மத்தியானம் பெரியம்மா எங்கள் வீட்டுப் புறவாசல் வழியாக வந்தார். அவரை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே அன்றைக்குத்தான். அவர்களும் அதே மதுரைக் கம்பெனியில்தான் வாங்கியிருந்தார்கள். அவர்கள் பூட்டும் வேலை செய்யவில்லை. லாரி மறுநாள் போக வேண்டும்.

“அவிய கேக்கச் சொல்லல. நானாத்தான் வந்தேன்” என்றார் பெரியம்மா. கண் கலங்கியிருந்தது.

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பெரியம்மா இருப்பதால் அதை மறைக்கத் தறிக்கூடத்துக்குள் போய்விட்டார். அத்தை மேஜை டிராயரைத் திறந்து சிடியையும், லேபிள் புரோகிராம் இருந்த ஒரு ஃபிளாப்பியையும் எடுத்தார். அப்பா மறுபடி ஓடி வந்தார்.

“என்னக்கா செய்யுத? நம்ம ஆர்டரப் பிடிச்ச ஆளு அவரு!”

“அந்தப் பிரேசில்காரன்கிட்ட வாங்கும்போது மட்டும் இனிச்சுதாக்கும்?” என்றார் அத்தை. “செத்த நேரத்துல வாரேன். ஏட்டி, நீ எங்கூட வா.”

புறவாசல் வழியாக அல்ல, தெருவோடு நடந்தோம். பெரியப்பா வீட்டு முன்வாசலில் அன்றுதான் நான் முதன்முதலாகக் கால் வைத்தேன். பெரியப்பா சட்டை போடாமல் சேரில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அது தவிர மரியாதையோ அவமரியாதையோ எதுவும் நடக்கவில்லை. அத்தை நேராகக் கம்ப்யூட்டரிடம் போய் உட்கார்ந்தார். காலேஜில் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா மகள் பக்கத்தில் நின்று பார்த்தார். அந்த அக்காவுக்கு அத்தை ஒவ்வொன்றையும் திறந்து காட்டினார். எது எங்கே எழுதியிருக்கிறது, எதை மாற்றினால் எது மாறும், எல்லாம். முக்கியமான இடத்தையாவது காட்டாமல் விடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அதையும் காட்டினார்.

பொழுது சாயும் நேரத்தில் முதல் லேபிள் வந்தது. பெரியப்பா அதை வாங்கிப் பார்த்தார்.

“இதுக்கு நான் என்ன தரணும்?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

“ஒண்ணும் வேண்டாம்ணே. இதுல ஏதாச்சும் திருத்துனா எனக்கும் ஒரு காப்பி குடு.”

திரும்பி வரும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. “நம்ம தோத்துட்டமா அத்தை?” என்று கேட்டேன். அத்தை என் தலையைத் தடவிக்கொடுத்தார். அப்படியானால் தோற்றுவிட்டோம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அப்பா ஒரு வாரம் அத்தையோடு பேசவில்லை.

டிசம்பர் மாதம். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் கெட்டுப்போகும் என்று பேப்பரில் போட்டுப் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் காலையில் பெரியப்பா எங்கள் முன்வாசல் வழியாகவே வந்தார். கையில் ஃபிளாப்பி.

“ஏட்டி” என்றார் உள்ளே வருவதற்கு முன்பே. “ஒம் புரோகிராம்ல தப்பு இருக்கு. ஜனவரி பொறந்தா லேபிள்ல வருசம் தொண்ணூத்தொம்பதுக்கு அப்புறம் நூறுன்னு அடிக்குது. நான் தேதிய முன்னால தள்ளி வச்சுப் பாத்தேன்.”

அத்தையை யாரும் அப்படி வாசலில் நின்றுகொண்டு குற்றம் சொன்னதில்லை. சொன்னவர்கள் தப்பியதும் இல்லை. நான் ஆவலோடு காத்திருந்தேன்.

“எம் மவ ராத்திரி பூரா முழிச்சு அதச் சரி பண்ணிட்டா. இந்தா, நீ கேட்ட காப்பி” என்று பெரியப்பா ஃபிளாப்பியை நீட்டினார்.

அத்தை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கம்ப்யூட்டரில் போட்டு, அந்த அக்கா மாற்றிய வரிகளைத் திரையில் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். “ஆமாண்ணே, தப்புத்தான்! பெரிய தப்பு!” என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. உள்ளே தறிச் சத்தம் நின்றது. அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்றார். யாரையும் பார்க்காமல், “காப்பி போடச் சொல்லவா?” என்று கேட்டார்.

அம்மா நல்ல டம்ளரில் காப்பி கொண்டுவந்தார். அத்தை தன் நாற்காலியைப் பெரியப்பாவுக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார். நம் வீட்டு வாசலில் வந்து நின்று, நம் அத்தை செய்ததில் தப்பு இருக்கிறது என்று சொன்ன ஒரு மனிதருக்கு இத்தனை உபசாரமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அத்தைக்காக நான் மட்டுமாவது கோபப்பட வேண்டும் என்று தீர்மானித்து, பெரியப்பா கூப்பிட்டுக் கொடுத்த மிட்டாயை வாங்காமல் தறிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.