சிமெண்ட் குகையில் ஒரு மான்

எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் வண்டல்தான், பாறை கிடையாது. அதனால் தஞ்சாவூரில் ஒரு தனியார் கல்லூரி தன் அருங்காட்சியகத்துக்குக் குகை கேட்டபோது, கொத்தனார் கம்பிவலை கட்டி, சிமெண்ட் பூசி ஒன்றைச் செய்து கொடுத்தார். அதன் சுவரில் ஆதிமனிதர்கள் வரைந்ததைப் போலவே வரைவது என் வேலை. நான் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன்.

விழுப்புரம் பக்கத்துக் குன்று ஒன்றுக்குப் போய், மூன்று நாள் தங்கி அசல் ஓவியங்களைப் பார்த்து வந்தேன். அங்கே ஒரு மானின் முதுகு, கழுத்திலிருந்து வால்வரை ஒரே இழுப்பில் போடப்பட்டிருந்தது. தயங்கிய இடமோ திருத்திய இடமோ இல்லை. பொறாமையாக இருந்தது.

காவிக்கல்லை அம்மியில் அரைத்தேன். வேப்பங்குச்சியை மென்று தூரிகையாக்கினேன். முதல் வாரம் நன்றாகத்தான் போனது. இரண்டாம் வாரம், மானின் முதுகைப் போடும்போது குச்சி தானாக ஆடியது. கையை உதறிவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி ஆடியது. வீட்டில் என் கையில் டீ தளும்புவதை மனைவி பல நாளாகவே கவனித்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

நரம்பு டாக்டர் சின்ன வயதுப் பெண். "மாத்திரையில கொஞ்சம் கட்டுப்படும் சார். ஆனா போகப்போக அதிகமாத்தான் ஆகும்."

"இவரு படம் வரையறவரு, டாக்டர்" என்றாள் மனைவி.

டாக்டர் மருந்துச் சீட்டை எழுதினார்.

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தபடி மீதியை வரைந்தேன். வேட்டைக்காரர்கள், யானை, அந்த மான். எல்லாக் கோடும் நெளிந்தது. சிமெண்டில் ஊறிவிட்ட காவியை அழிக்கவும் முடியவில்லை.

திறப்புக்கு முதல் நாள் தாளாளர் வந்தார். மானின் எதிரே நின்றுவிட்டார்.

"பிரமாதம் சார்! எப்படி இவ்வளவு பழசா கொண்டாந்தீங்க? கோடு நடுங்குது பாருங்க, நிஜமாவே ஆதிமனுஷன் போட்ட மாதிரி இருக்கு."

அவன் கை நடுங்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். துணைக்கு வந்திருந்த மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நன்றிங்க" என்றேன்.

"அடுத்த வருஷம் எதிர்ச் சுவரும் நீங்கதான் பண்ணித் தரணும்."

பஸ்ஸில் திரும்பும்போது அவள் கேட்டாள்: "சொல்லியிருக்கலாமேங்க?"

"சொன்னா கை சரியாயிடுமா?"



இப்போது சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிடுகிறாள். கல்லூரியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. அவளே எடுத்து, உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிட்டாள். காலையில் பழக்கத்தில் ஒரு தாளை எடுத்து மேஜையில் விரிக்கிறேன். அவள் சமையலை முடித்து வருவதற்குள் அதைச் சுருட்டி வைத்துவிடுகிறேன்.