கையில் கொடுப்பவர்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசராக இருக்கும் ஐசக்குக்கு வாழ்க்கையில் கொள்கை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுதான் உண்டு. யாருக்கு எதைக் கொடுப்பதானாலும் கையில் கொடுக்க வேண்டும். சிலிண்டர் தூக்கி வருகிறவர், கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்குகிறவர், பிரியாணிக் கடையில் இலை எடுக்கிறவர் என்று எல்லாருக்கும் நேராகக் கையில். நடுவில் ஒரு ஆள் வந்தால் கொடுத்தது குறையும் என்பது அவர் கண்டறிந்த விஞ்ஞானம். ஞாயிற்றுக்கிழமை காணிக்கையை மட்டும் பையில் போடுவார். அங்கேயும் நடுவில் இருப்பவர்கள் மேல் சந்தேகம் உண்டு, கடைசியில் வாங்கிக்கொள்பவர் மேல் நம்பிக்கை இருப்பதால் விட்டுவிடுவார்.

நடுவில் இருப்பவர்களை இவ்வளவு நம்பாத மனிதர், தன் உத்தியோக காலம் முழுவதும் நடுவில்தான் இருந்தார். மேலே மேனேஜர், கீழே தையல் பெண்கள், இடையில் ஐசக். வெளிநாட்டுக்குப் போன ஷூவில் ஒரு ஜோடி திரும்பி வந்துவிட்டால் லைன் முழுவதற்கும் அந்த வாரத்து இன்சென்டிவ் போய்விடும். அதோடு ஒரு பேரும் மேலே போக வேண்டும். யார் தைத்தது? அந்தப் பேரைச் சொல்வது ஐசக்கின் வேலை. சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுவார், தூங்கவும் செய்வார். கம்பெனி விதி அப்படி, மனிதர் என்ன செய்வார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஆலன், அப்பா அம்மாவின் கல்யாண நாளுக்காகச் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போய்த் திரும்பும் சொகுசுக் கப்பலில் டிக்கெட் போட்டுக் கொடுத்தான். பாலாற்றில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் வண்டியை நிறுத்திப் பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஐசக்கின் மனைவி ஃபீபி, வேலூரில் ஒரு நர்சிங் ஹோமில் பிரசவ வார்டு நர்ஸ். "தண்ணிய இவ்ளோ மொத்தமாப் பார்த்தா பயமா இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே பால்கனியை விட்டு நகரவில்லை.

அவர்கள் அறையைக் கவனித்துக்கொள்ள வந்தவர் பெயர் நவநீதன். நெமிலிப் பக்கத்துக்காரர். துண்டை அன்னமாக மடித்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு, "நீங்க ஆம்பூரா சார்? பேச்சுலயே தெரிஞ்சிடுச்சு" என்றார். ஃபீபி நர்ஸ் என்று தெரிந்ததும் மேடம் என்று ஆரம்பித்தவர் சிஸ்டருக்கு மாறினார்.

"சிஸ்டர், எங்க வீட்ல ஏழாம் மாசம். காலு வீங்கிக்கிதுன்னு சொல்றாங்க. பயப்படணுமா?"

"பிரஷர் பார்த்தாங்களா? பேரு இன்னா? நம்பர் குடு தம்பி, நானே பேசறேன்."

மனைவி பெயர் பூர்ணிமா. பொங்கலை ஒட்டிப் பிரசவம். பொங்கலுக்கு ஊருக்குப் போக லீவு எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார் நவநீதன். "எல்லாரும் அந்த மாசந்தான் கேக்கறாங்க சிஸ்டர். ரூம்ல கெஸ்ட் கிட்டேர்ந்து ரிமார்க் இல்லாம இருந்தா, கேட்ட மாசம் முதல்ல நமக்குக் குடுப்பாங்க. இதுவரைக்கும் நம்ம பேரு கிளீனு."

ஐசக் இதை டீ குடித்துக்கொண்டே கேட்டார். கேட்டார் என்பதைப் பிற்பாடு அவரால் மறுக்க முடியவில்லை.

மறுநாள் அறையின் டிவியில் கணக்கைப் பார்த்தபோது, ஆளுக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் ஏறியிருந்தது. ஐசக் எழுந்து நின்றுவிட்டார்.

"இது இன்னாது? நாம இன்னும் யாருக்கும் ஒண்ணும் குடுக்கல, அதுக்குள்ள குடுத்துட்டோம்னு போட்டுக்கறான்?"

"டிப்ஸாங்க. எல்லார்கிட்டயும் எடுக்கறாங்க. விடுங்களேன்."

"நவநீதன் கைக்கு இது போவும்னு நெனைக்கிற? நடுவுல இருக்கறவன் திம்பான், ஃபீபி. எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்" என்றார் ஃபீபி. அதில் இருந்த ஊசி ஐசக்குக்கு அன்றைக்குக் குத்தவில்லை.

நேராகக் கீழே வரவேற்பு மேசைக்குப் போனார். கட்டணத்தை எடுத்துவிடச் சொன்னார். மேசையில் இருந்த பெண் முகம் மாறாமல், சேவையில் ஏதாவது குறையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஐயோ, குறையே இல்லை, அவர் மிக நல்லவர், அதனால்தான் எடுக்கச் சொல்கிறேன் என்றார் ஐசக், ஃபேக்டரி ஆங்கிலத்தில், மிகத் தெளிவாக. அவள் தலையாட்டி எதையோ தட்டினாள். காரணம் போடாமல் கட்டணத்தை எடுக்க முடியாது. கம்ப்யூட்டர் தரும் காரணங்களிலோ, 'நல்லவர், ஆகவே வெட்டுகிறேன்' என்று ஒன்று கிடையாது. இருப்பதில் ஒன்றைத் தட்டியிருப்பாள். ஐசக் ஒரு தர்மம் செய்த நிறைவோடு லிஃப்டில் ஏறினார்.

இறங்கும் நாள் காலையில், பெட்டிகள் வாசலுக்குப் போன பிறகு, நவநீதனைக் கூப்பிட்டு ஒரு கவரை நீட்டினார். வெட்டிய தொகை முழுவதும் இருந்தது, மேலேயும் கொஞ்சம்.

"இது ஒனக்கு மட்டும். நடுவுல ஒருத்தனும் கிடையாது."

நவநீதன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நன்றி சொன்னார். சிரித்தார். ஆனால் கவரைப் பையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா தம்பி, கம்மியா இருக்குமோன்னு பாக்கறியா?" என்று ஃபீபி கேலி செய்தார்.

"அய்யோ சிஸ்டர், ஜாஸ்தி." கொஞ்சம் தயங்கினார். "சார் ஆபீஸ்ல அத எடுத்துட்டீங்க இல்ல? அப்டி எடுத்த ரூம்ல கையில எது வாங்கனாலும் பொதுவுல போட்டுடணும் சார். லாண்டரி, கிச்சன் எல்லாருக்கும் சேர்த்துப் பிரிப்பாங்க. அது பரவால்ல, அவங்களும் வேலை செய்றவங்கதானே."

"அப்ப எது பரவால்லன்னு விட முடியல?" என்றார் ஐசக். குரல் ஏற்கனவே இறங்கிவிட்டது.

"ஒண்ணுமில்ல சார். சூப்பர்வைசர் கூப்ட்டு, அந்த ரூம்ல இன்னா பண்ணேன்னு கேட்டாரு. நா ஒண்ணும் பண்ணலன்னேன். ரிமார்க் விழுந்துட்டா அவரு இன்னா பண்ணுவாரு பாவம், அவரு நடுவுல இருக்கறவரு."

ஐசக் ஓடினார். ஓடினார் என்று எழுதுவது மரியாதைக்காக. முட்டி வலியோடு படியிறங்கினார். வரவேற்பு மேசையில் கூட்டம். முறை வந்ததும், கட்டணத்தைத் திரும்பப் போடுங்கள், இரண்டு மடங்காகப் போடுங்கள், அந்த ஆள் மேல் எந்தப் புகாரும் இல்லை என்றார். அதே பெண், அதே முகம். இந்தப் பயணத்துக்கான கணக்கு மூடப்பட்டுவிட்டது, உங்கள் கருத்துக்கு நன்றி என்றாள்.

ஊருக்கு ரயிலில் திரும்பினார்கள். வாலாஜா தாண்டியதும் ஐசக் சொன்னார்: "லைன்ல ஒரு ஜோடி திரும்பி வந்தா நா இன்னா பண்ணுவேன்?"

"பேரச் சொல்லுவீங்க" என்றார் ஃபீபி, ஜன்னலைப் பார்த்தபடி.

கம்பெனி கேன்டீனில் மேனேஜர் அப்துல் சமத் ஆறுதல் சொல்லப் பார்த்தார். இருவரும் சேர்ந்து வேலைக்கு வந்தவர்கள். "அட இன்னா தோஸ்த், கப்பல்ல எத்தன ரூமு, எத்தன பேரு. ஒன் ஒருத்தனாலயா அவன் லீவு போவும்?"

"என் ஒருத்தனாலதான் பாய் அவன் பேரு மேல போச்சு."

"அப்ப நம்ம லைன்ல நீ குடுக்கற பேரு?"

இது ஆறுதலில் சேர்த்தியா என்று சமத்துக்கே தெரியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

மார்கழியில் பூர்ணிமா போனில் சொன்னாள்: அவருக்கு லீவு பொங்கலுக்கு இல்லையாம், மாசிக்குத்தானாம். கப்பலில் ஆள் கம்மி, அதனால்தான் என்று நவநீதன் சொன்னாராம். ஃபீபி அப்படியே வந்து சொன்னார். ஆள் கம்மி என்பது உண்மையாகவே இருக்கலாம். ஐசக் அதை நம்ப மிகவும் விரும்பினார். ஆனால் லைனில் ஒருத்திக்கு லீவு மறுக்கும்போதெல்லாம் தான் சொல்லும் காரணமும் அதே ஆள் கம்மிதான் என்பது இடையில் வந்து நின்றது.

பிரசவத்துக்குப் பூர்ணிமாவை ஃபீபி தன் நர்சிங் ஹோமுக்கே வரவழைத்தார். கூட அவள் அம்மா மட்டும் வந்திருந்தார். மருந்துக் கடைக்கு, ரத்தப் பரிசோதனைக்கு, கேன்டீனுக்கு என்று ஓட ஆள் வேண்டுமே. ஐசக் கம்பெனிக்கு லீவு சொன்னார். பொங்கல் ஷிப்மென்ட் நேரத்தில் அவர் லீவு கேட்டதைச் சமத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பூர்ணிமாவின் அம்மா, வார்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "கப்பல்ல எங்க மாப்பிள்ள கையிலயே காசு குடுத்த சார் இவருதான்" என்று அறிமுகம் செய்தார். ஒவ்வொரு முறையும் ஐசக் மருந்துச் சீட்டைப் படித்தார்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் கதவு திறந்தது. வார்டு ஆயாம்மா துணியில் சுற்றிய குழந்தையோடு வந்தார்.

"பொண்ணு பொறந்துகிது. தாயும் புள்ளயும் சோக்கா இருக்காங்க. நீங்க யாரு, தாத்தாவா?"

"இல்ல."

"பின்ன?"

"அப்பாவுக்குப் பதிலா" என்றார் ஐசக். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஆயாம்மா அதை விசாரிக்கவில்லை. குழந்தையைக் காட்டியபடியே நின்றார். நிற்பதற்கு அர்த்தம் என்ன என்று வேலூரில் பிள்ளை பெற்ற குடும்பம் எதற்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுவரில், ஊழியர்களுக்குப் பணம் தர வேண்டாம் என்று ஒரு பலகை. ஐசக் பலகையைப் பார்த்தார், ஆயாம்மாவைப் பார்த்தார். சட்டைப்பைக்குப் போன கை அங்கேயே நின்றது.

"ஏம்மா, நா இத குடுத்தா ஒனக்கு ஒண்ணும் ஆவாதே? மேல யாராவது கேப்பாங்களா?"

"இன்னா ஆவும்? நீ குடுக்கலன்னாதான் எனக்குப் பேஜாரு!"

கொடுத்தார். கொடுத்துவிட்டு, அவர் அதை இடுப்பில் செருகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

பூர்ணிமாவின் அம்மா அதற்குள் மாப்பிள்ளையை வீடியோவில் பிடித்திருந்தார். கப்பலிலிருந்து படம் விட்டு விட்டு வந்தது. சீருடையில் நவநீதன், பின்னால் துண்டு அடுக்கிய வண்டி. குழந்தையைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார், ஆயாம்மாவுக்கு எதனா குடுத்தீங்களா? நா மாசில வந்து தந்துடறேன்" என்றார்.

"குடுத்துட்டேன்பா."

"கையிலதானே சார்?"

அதோடு படம் உறைந்துவிட்டது. நவநீதன் முகத்தில் ஒரு சிரிப்பு அப்படியே நின்றது. கேலியா, இல்லை துண்டு அன்னத்தோடு எல்லா அறைக்கும் போகும் அதே சிரிப்பா என்று பார்க்க, ஐசக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனை முகத்தருகே கொண்டுபோனார். லைன் திரும்பி வரவில்லை. அவரும் போனைக் கீழே வைக்கவில்லை.