கிளப்பின் சட்டமும் ஒரு கொடுவாவும்

என் மாமனார் பரம சைவம். முட்டைக்கோது கிடந்த இடத்தைக்கூடத் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் தாண்டுவார். அப்படிப்பட்டவர் சனிக்கிழமை தவறாமல் மீன் பிடிக்கப் போவார் என்று கல்யாணம் பேசியபோது யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் வடமராட்சியில் மீன் தின்று வளர்ந்தவள். தெரிந்திருந்தால் கொஞ்சம் நம்பிக்கையோடு வந்திருப்பேன்.

வந்து பார்த்தால் நம்பிக்கைக்கு இடமே இல்லை. மாமா மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். அங்கே வெள்ளைக்காரத் துரைமார் குளிர்ந்த ஆறுகளில் ட்ரவுட் மீன் விட்டு வளர்த்து, தங்களுக்கென்று ஒரு கிளப்பும் வைத்திருந்தார்களாம். தூண்டிலில் புழு கோக்க மாட்டார்கள். பூச்சி மாதிரிக் கட்டிய இறகைத்தான் கோத்து வீசுவார்கள். நாடு திரும்பிய ஒரு துரை தன் தூண்டிற்கோலை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். பென்சன் எடுத்து ஊருக்கு வந்த மாமா, சாவகச்சேரிக்குத் தெற்கே ஆழமில்லாத பரவைக்கடலைத் தொட்டுக் கிடந்த குடும்பத் தென்னங்காணியில், தம்பிமார் இருவரையும் சேர்த்துத் தானும் ஒரு கிளப் தொடங்கினார்.

இறகு மட்டும்தான், இறால் கூடாது. பிடித்த மீனை உயிரோடு தண்ணீரில் விட்டுவிட வேண்டும். கொன்றவர் கிளப்பில் இருக்க முடியாது. "தலைவரெண்டாலும் சட்டம் ஒண்டுதான்" என்பார், தலைவரான மாமா. இறகுக்காக அவர் அயலட்டையில் சுற்றித் திரிந்ததில், பக்கத்து வீட்டுச் சேவல் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே வேலி பாயும்.

மீனின் வாயில் முள்ளைக் கொளுவி இழுப்பது பாவமில்லை, தின்பதுதான் பாவம் என்ற கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அவர் கோலைப் பின்னும் முன்னும் வீச, நூல் நீண்டு விரிந்து, இறகு சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்குவதை நானும் வாய் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மீனை விடுவது இன்னும் அழகு. குனிந்து, தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, அது தெம்பு பிடிக்கும்வரை உள்ளங்கையில் தாங்கிவிட்டுக் கையை விரிப்பார். எனக்கு வயிறெரியும். குழம்பாக வேண்டியது வாலை ஆட்டிக்கொண்டு போகிறதே.

அம்மா இல்லாதவள் என்பதால் மூத்த பிள்ளையை மாமி வீட்டில்தான் பெற்றேன். கணவருக்குக் கொழும்பில் வேலை. அது கார்த்திகை மழைக்காலம். பிள்ளைக்குப் பால் போதவில்லை. சப்பிச் சப்பி அலுத்து அழுவாள். மாப்பால் கரைத்துக் கொடுத்தால் கக்குவாள். பிறந்தபோது இருந்த கன்னம்கூட வற்றிப் போயிற்று. எனக்குப் பயமாக இருந்தது. மருத்துவிச்சி வந்து பார்த்துவிட்டு, வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"உந்த மிளகு சீரகச் சரக்குக் கறி மட்டும் காணாது. மச்சம் திண்டு வளந்த உடம்பு. மீன் குடுங்கோ, பால் வரும்."

அந்த வீட்டுப் படியில் மீன் ஏறியதே இல்லை. கேட்க எனக்கு நா எழவில்லை. கேட்டாலும் எங்கே போவது? அந்தக் கிழமை முழுக்கப் புயல். ஒருவரும் கடலுக்கு இறங்கவில்லை, சந்தையில் மீன் கிடையாது.

அடுத்த நாள் விடியவே மாமா கோலோடு மழைக்குள் இறங்கியதை ஜன்னலால் கண்டேன். "இண்டைக்குச் சனிக்கிழமை இல்லையே" என்றார் மாமி. மாமா பொழுதுபடத்தான் வந்தார். வீட்டுக்குள் ஏறாமல் கிணற்றடியில் நின்றபடி ஓலைப் பையை மாமியிடம் நீட்டினார். உள்ளே ஒரு கொடுவா மீன்.

மாமி முகம் சுளிக்கவில்லை. வளவுக்குள் மூன்று கல் வைத்து, புதுச் சட்டி ஏற்றி, மிளகும் சீரகமும் உள்ளியும் அரைத்தார். ஜன்னலடிக்கு வந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "பிள்ளை, இதுக்குப் புளி விடுறதோ?" கொஞ்சம் விடச் சொன்னேன். செதில் சீவ வேண்டும், குடல் எடுக்க வேண்டும் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அதுவும் தெரியாத ஒருவர் உலகத்தில் இருப்பார் என்று நான் கண்டேனா? மாமி அதை வாழைக்காய்போலக் கழுவி, துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருந்தார்.

முதல் வாயிலேயே செதில். அடுத்த வாய் கைத்தது. மாமி கையைப் பிசைந்துகொண்டு பக்கத்திலேயே நின்றார்.

"உப்புக் காணுமோ?"

"காணும் மாமி. நல்லாயிருக்கு."

செதிலைக் கடைவாயில் ஒதுக்கி ஒதுக்கி ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றேன். அவ்வளவு மோசமான மீன் கறியை நான் அதற்கு முன்னும் தின்றதில்லை, பின்னும் தின்றதில்லை. அவ்வளவு அன்பாக யாரும் எனக்குச் சமைத்துத் தந்ததும் இல்லை.

மீனாலோ, மிளகாலோ, மனம் ஆறியதாலோ, பால் சுரந்தது. புயல் ஓய்ந்ததும் மாமி சந்தை மீனே வாங்குவித்தார். செதில் சீவவும் பழகினார்.

சனிக்கிழமை வந்தது. தம்பிமார் கோல்களோடு வந்து கூப்பிட்டார்கள். மாமா விறாந்தையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"நான் வரேல்லை. மீனைச் சாக்காட்டிப்போட்டன். இனி கிளப்பிலை இருக்கேலாது."

"சட்டம் போட்டது நீங்கள்தானே, அண்ணை" என்றார் இளைய தம்பி. "பிள்ளைப் பெத்தவளுக்குத்தானே பிடிச்சனீங்கள்."

"ஆருக்கெண்டாலும் சாக்காட்டினது சாக்காட்டினதுதான்." மடியிலிருந்த பிள்ளையைச் சரியாகக் கிடத்தினார். "அண்டைக்கு வெள்ளனவே ஒண்டு பிடிச்சனான். பழக்கத்திலை கையை விரிச்சிட்டன். அது போனாப்பிறகுதான் இவளின்ரை நினைவு வந்தது. மற்றது பொழுதுபடத்தான் அம்பிட்டுது. அது அடங்குமட்டும் கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். இனி என்னாலை ஏலாது."

நான் கதவுக்குப் பின்னால் நின்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த மனிதருக்கு நான் என்ன செய்துவிட முடியும்? அப்போது மடியில் கிடந்தவள் குடித்த பால் எதுக்களிக்கப் பெரிதாக ஒரு ஏவறை விட்டாள். மாமா குனிந்து அவள் வாயோரத்துப் பாலைத் துடைத்தார்.

"வயிறு நிரம்பிட்டுது" என்றார் தம்பிமாரிடம். "நீங்கள் போங்கோ, நேரம் போகுது."