மாமா கேட்ட சோடா

எங்கள் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டுவதென்றாலே கொட்டாவி வரும். ஆனால் தோட்டத்துச் சாலையில் ஒரு மோட்டார் சத்தம் கேட்டுவிட்டால் போதும், சாப்பிடுகிற தட்டை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடிவிடுவார். ஈப்போ பட்டணத்தில் ஒரு சீனர் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தார். லீவு நாளெல்லாம் மாமா பஸ் ஏறிப் போய் அந்தப் பட்டறை வாசலில்தான் நிற்பார். நின்று நின்று, கடைசியில் பட்டறை முதலாளியான அந்தத் தவுக்கேக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. ஒரு இஞ்சின் மூடியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அலுமினிய மூடி அது. யாரோ பச்சைச் சாயம் அடித்து, அதன்மேல் சிவப்பு அடித்து, அதுவும் பிடிக்காமல் கறுப்பு அடித்து வைத்திருந்தார்கள். சாயம் அத்தனையும் போக வேண்டும், மூடியில் ஒரு கீறல் இருக்கக் கூடாது, திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். நன்றாக இருந்தால் வேலை. இல்லாவிட்டால் இனிமேல் வாசலில் நிற்கவும் கூடாது. தவுக்கே சொன்னது அவ்வளவுதான்.

கீறக் கூடாதென்றால் கத்தி வைத்துச் சுரண்ட முடியாது. மாமா அதற்கெல்லாம் கலங்கவில்லை. பட்டறைக்குள் ஒரு பீப்பாய்த் தண்ணீரில் இரும்புச் சாமான்களைக் கம்பியில் கட்டி இறக்குவதையும், சாயம் தோல் மாதிரிக் கழன்று வருவதையும் வாசலில் நின்றபடியே பார்த்து வைத்திருந்தார். அது என்ன தண்ணீர் என்று அங்கே வேலை செய்தவனைக் கேட்டாராம். "சோடா ஆப்பி" என்றானாம். மாமாவுக்குத் தெரிந்தது அந்தப் பெயர் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா லயத்து வீட்டுக்குப் பின்னால் கல் கூட்டி, மண்ணெண்ணெய் டின்னை ஏற்றி, ரப்பர் விறகைப் பிளந்துகொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, கடைக்கு ஓடிப்போயி சோடா ஆப்பி ஒரு காத்தி வாங்கிட்டு வா. பேர மறந்துராதலா!"

நான் மறப்பேனா? வழியெல்லாம் சோடா ஆப்பி, சோடா ஆப்பி என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். மாமாவின் வேலையே என் கையில் இருப்பது மாதிரி அப்படி ஒரு சந்தோஷம். கெரெத்தா ஆப்பி என்றால் மலாயில் ரயில் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அதனால் இது ரயிலில் விற்கிற சோடாவாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கடைக்கு முன்னால் போய் நின்றதும் என் வழக்கமான கூச்சம் வந்துவிட்டது. சீனி மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டு முனகினேன்.

"என்னா பாப்பா, மூட்டைக்கா சொல்ற? எனக்குச் சொல்லு" என்றார் கடைக்காரர்.

"சோடா... ஆப்பி..."

"ஆப்பச் சோடாவா?"

ஆப்பி, ஆப்பம். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் பட்டது. அவரே பெயரைச் சொல்லிவிட்டார், நான் பேச வேண்டியதில்லை என்ற நிம்மதியில் பலமாகத் தலையாட்டினேன். ஒரு விரலை நீட்டி, "காத்தி" என்று எடையும் சொன்னேன்.

"ஒரு காத்தியா! தோட்டத்துக்கே ஆப்பம் சுடப் போறாளா ஒங்கம்மா? எனக்கும் ரெண்டு எடுத்து வைக்கச் சொல்லு" என்று சிரித்துக்கொண்டே டின்னைக் கவிழ்த்துத் தட்டி, இருந்ததையெல்லாம் பேப்பரில் கட்டிக் கொடுத்தார்.

மாமா பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே கொதிக்கிற தண்ணீரில் கவிழ்த்தார். நுரை பொங்கியது பாருங்கள், நான் குதித்தே விட்டேன். மூடியைக் கம்பியில் கட்டி உள்ளே இறக்கினார். நான் ஓடி ஓடி விறகு தள்ளினேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்னாடா, ஆட்டுக்காலா வேகுது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெயில் உச்சிக்கு வந்தபோது கறுப்பு சுருங்கத் தொடங்கியது. அதன் அடியில் சிவப்பு உப்பியது. "மாமா, வருது! வருது!" என்று நான் கத்திய கத்தலில் கோழிகள் எல்லாம் சிதறின. தண்ணீர் கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும் எனக்கு அதற்குமேல் காத்திருக்க முடியவில்லை. தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுத் தேய்த்தேன். மூடியின் மூலை முடுக்கில் மாமாவின் பெரிய விரல் நுழையாது, என் விரல் நுழையும். "அடிச்சித் தேய் பாப்பா! அந்த ஓரத்துல!" என்று அவர் சொல்லச் சொல்ல, பச்சைச் சாயம் பட்டை பட்டையாய் என் விரலோடு வந்தது. விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிப் போகிற வரை நான் கையை எடுக்கவே இல்லை.

சாயம் போய்விட்டது, ஆனால் அலுமினியம் மங்கலாக இருந்தது. அம்மா ஒரு உருண்டைப் புளியைக் கொண்டுவந்து, குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி துலக்கிக் கொடுத்தார். அடேயப்பா! முகம் பார்க்கலாம் போல் இருந்தது. மாமா அதைப் பழைய சாரோங்கில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஜங்ஷனிலேயே காத்திருந்தேன். பஸ்ஸிலிருந்து மாமா வெறுங்கையோடு இறங்கினார். "வேலை கெடச்சிருச்சி!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினார். அம்மாவிடம் சொல்கிறபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எதுல ஊற வச்சேன்னு தவுக்கே கேட்டான்க்கா. சோடா ஆப்பின்னேன். பட்டறையே சிரிக்குது! அது நெருப்பாட்டம் அரிக்கிற காரமாம், இரும்புக்கு மட்டுந்தானாம். ஒரு ஒடஞ்ச அலுமினியத் துண்ட எடுத்து அந்தப் பீப்பாயில போட்டுக் காட்டுனான். புஸ்ஸுன்னு பொகையுது! வெளிய எடுத்தா கறுத்துப்போயி, அரிச்சு ஓட்ட விழுந்து கெடக்கு. கையப் புடிச்சிப் பாத்தான். 'அதுல கைய விட்டிருந்தா தோலு வெந்து உரிஞ்சிருக்கும்லா, ஒன் கை நல்லாத்தானே இருக்கு, யார்கிட்ட கத வுடுற? ஏதோ ரகசியம் வச்சிருக்க நீ, நாளைக்கே வேலைக்கு வா'ன்னுட்டான்!"

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, கடையில என்னா கேட்டு வாங்குன?"

"நீங்க சொன்னதுதான் மாமா. ஆப்பச் சோடா."

அம்மா ஒரு கணம் விழித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. என் எதிரில் மண்டியிட்டு, இரண்டு கையையும் பிடித்து முழங்கை வரைக்கும் தடவினார். உள்ளங்கையைத் திருப்பினார், புறங்கையைத் திருப்பினார், மறுபடியும் உள்ளங்கை. கண்ணில் தண்ணீர் நின்றது. வேலை கிடைத்தவர் எதற்கு அழ வேண்டும்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நகக்கண்ணில் ஒட்டியிருந்த பச்சைச் சாயத்தைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

"சோப்புப் போட்டுக் கழுவினேன் மாமா" என்றேன். "போகவே மாட்டேங்குது."