அக்காவின் தைலச் சொட்டும் என் மகளின் குறட்டையும்

எங்கள் அக்கா மயிலாப்பூரில் மாட வீதியை ஒட்டிய ஒண்டுக்குடித்தனத்தில் பிறந்தவர். ஒரே அறையில் குடும்பம் முழுக்கப் படுத்த காலத்தில், மாடிப்படியில் உட்கார்ந்து படித்து ஆயுர்வேத மருத்துவரானார். தி.நகரில் துணிக்கடைக்கு மேலே இருந்தது அவருடைய கிளினிக். சளி பிடித்து வரும் குழந்தைகளோடு போட்டி போட்டு மூக்கை உறிஞ்சிக் காட்டுவார். அழுதுகொண்டு வந்த பிள்ளைகளும் சிரித்துவிடுவார்கள்.

என் மகள் கயல்விழிக்கு ஐந்து வயதில் அடினாய்டு வீங்கியது. மூக்குக்குப் பின்னால் உள்ள அந்தச் சதை மூச்சை அடைத்ததால் வாயைத் திறந்தபடியே தூங்குவாள். குறட்டை பக்கத்து வீடு வரை கேட்கும். காது மூக்கு தொண்டை மருத்துவர், கொஞ்ச காலம் பார்க்கலாம், குறையாவிட்டால் அறுவை சிகிச்சை என்றார். நான் அக்காவிடம் ஓடினேன்.

"மருந்துலயே சரி பண்ணிடுக்கா. ஆபரேஷன் வேணாம்."

"முதல்ல உட்காருடா. உன் குறட்டைக்கு இவளோடது எவ்வளவோ தேவல."

அந்த மருத்துவரிடம் சொல்லிவிட்டே அக்கா வைத்தியத்தைத் தொடங்கினார். இரவில் தயிரும் குளிர்பானமும் நின்றன. துளசியும் சுக்கும் போட்ட கஷாயம், தேனில் குழைத்த சூரணம், அக்கா தன் கையாலேயே அளந்து மூக்கில் விடும் தைலச் சொட்டு. மூச்சுப் பயிற்சி என்று அத்தையும் மருமகளும் கூடம் முழுக்க ரயில் விடுவார்கள். சளி குறைந்தது, குறட்டையும் இறங்கியது. ஆபரேஷன் தப்பியது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, படம் வரைந்துகொண்டிருந்தவளைப் பின்னாலிருந்து அக்கா கூப்பிட்டார். "கயலு, பாயசம் வேணுமா?" அவள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். அப்போதும் திரும்பவில்லை. அக்கா முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"காதுக்குள்ள நீர் கோத்துக்கினு இருக்கும் போலடா. இனிமே என் மருந்தையே நம்பிக்கினு இருந்தா இவ பேச்சும் படிப்பும் கெட்டுடும். நாளைக்கே டாக்டரைப் பாரு."

"நீயே இப்படி சொல்றியேக்கா!"

"நான் சொன்னாத்தானே நீ கேப்ப."

பரிசோதனையில் அக்கா சொன்னதே உறுதியானது. அடையாறில் அறுவை சிகிச்சை நடந்த அன்று, கிளினிக்கைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து உட்கார்ந்திருந்தார். அடினாய்டை அகற்றிக் காதில் தேங்கிய நீரையும் எடுத்தார்கள். வீடு திரும்பியதும் கயல் மேலே பார்த்துக் கேட்டாள்: "அத்தை, இந்த ஃபேன் ஏன் இவ்ளோ சத்தம் போடுது?" அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

நோயில் படுத்து எங்களை விட்டுப் போவதற்கு முந்தைய கடைசி வாரத்திலும் அக்கா மாறவில்லை. கட்டிலருகே இருந்த என்னிடம், "மூஞ்ச ஏன்டா இப்படி வச்சிக்கினு கீற? போய் சாப்பிட்டு வா" என்று விரட்டினார். சாப்பிட்டு வந்து, தட்டில் என்னவெல்லாம் இருந்தது என்று ஒப்பித்த பிறகுதான் கண்ணை மூடித் தூங்கினார்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மழையில் வேளச்சேரியிலிருந்து சாப்பாடு கொண்டுவந்த உறவினர்களுக்கும், அக்கா செய்த கேலிகளைச் சொல்லி எங்களைச் சிரிக்க வைத்த, அவரிடம் வைத்தியம் பார்த்த குழந்தைகளின் பெற்றோர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவை நினைத்துக் கூடியிருக்கும் இன்று யாரும் சாப்பிடாமல் கிளம்ப வேண்டாம். அக்கா விட்டிருக்க மாட்டார்.