மடியில் முடிந்த கண்ணாடி

என் சித்தப்பா மதுரையில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். கையெட்டும் தூரத்தில் இருப்பதுகூட மங்கலாகத் தெரிகிறதென்று டாக்டர் கண்ணாடி எழுதிக்கொடுத்து, தூங்கும் நேரம் தவிர எப்போதும் போட்டிருக்கச் சொல்லியிருந்தார். சித்தப்பாவும் போட்டிருந்தார், காமயகவுண்டன்பட்டி எல்லை வரைக்கும். ஊர் வந்ததும் கழற்றி வேட்டி மடியில் முடிந்துகொள்வார். அண்ணன் முன்னால், அதாவது என் அய்யா முன்னால், கண்ணாடியோடு நிற்பது மரியாதை இல்லையாம். வீட்டில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். அப்போது எனக்கு ஏழு வயது.

பொங்கலுக்கு முந்தின வாரம் சித்தப்பா என்னை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு கம்பம் சந்தைக்குப் போனார். அங்கே எங்கள் ஊர்க்காரர்கள் நிறைய இருந்ததால் கண்ணாடி மடியை விட்டு வெளியே வரவில்லை. திரும்பும்போது மரத்தடியிலிருந்து மாடுகளை அவிழ்த்துப் பூட்டினார். ஒரு மாட்டின் கொம்பு நுனியில் மாட்டியிருந்த பித்தளைக் குப்பியைக் காணோம்.

“சித்தப்பா, இது நம்ம மாடு இல்ல.”

“குப்பி எங்கிட்டாவது விழுந்திருக்கும். ஏறு தாயி.”

அந்த மாடும் சாதுவாக எங்களோடு வந்துவிட்டது.

அய்யா வாசலிலேயே கண்டுகொண்டார். “ஏலே, யாரு மாடுடா இது?” அவர் கேட்டு முடிப்பதற்குள் நாலைந்து பேர் கம்புகளோடு வந்து நின்றார்கள். முன்னால் ஒரு பெரியவர், அவர் பிடியில் எங்கள் மாடு. அதை அவிழ்த்துவிட்டதும் அதுவே வழி காட்டிக் கூட்டிவந்ததாம்.

“படிச்ச பையன் ஒருத்தன் ஓட்டிட்டுப் போனதாச் சொன்னாக. எவன்யா அந்தக் களவாணி?”

சித்தப்பா மடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ், கேஸ் என்று பேச்சு ஏறிக்கொண்டே போனது. எனக்குப் பொறுக்கவில்லை. “சித்தப்பாவுக்குக் கண்ணு தெரியாது! கண்ணாடி மடியில இருக்கு!” என்று கத்திவிட்டேன்.

அய்யா திரும்பினார். “ஏண்டா போடல?”

“ஒங்க முன்னால எப்படிண்ணே...”

முதலில் சிரித்தது அந்தப் பெரியவர்தான். “நல்லாத்தான் இருக்கு ஒன் மரியாதை! அதுக்கு என் மாடுதான் கெடச்சுச்சா?” கம்புகள் சுவரோரம் சாய்ந்தன. அம்மா செம்பு செம்பாக மோர் கொண்டுவந்தாள். அய்யா சிரித்துச் சிரித்துப் புரையேறி, “போடுறா, என் முன்னாலயும் போடு” என்றார்.

சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அய்யாவை நிமிர்ந்து பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

“என்னண்ணே, இம்புட்டு நரைச்சுப்போச்சு?”

சித்தப்பாவின் கண்கள் கலங்கியிருந்தன. கண்ணாடிதான் உறுத்துகிறது என்று நினைத்து, கழற்றிவிடச் சொல்லி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன்.